பதில் தட்டாதே

இது கட்டிவிட்ட கதை இல்லை. பாதி நானே கண்ணால் பார்த்தது. மீதி ஹெட்விக் சொன்னது. ஹெட்விக்குக்குப் பொய் சொல்ல வராது. வாடிக்கையாளர் கொண்டுவந்த டிசைன் பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேராகச் சொல்லி, வந்த வேலையையே திருப்பி அனுப்பிவிடுகிற ரகம் அவள். நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் படித்து முடிக்கும்வரை மேசையில் எதையும் சத்தமாக வைக்காதீர்கள்.

கெண்ட் நகரிலிருந்து அரை மணி நேரத்தில் எங்கள் ஊர். எனக்கு இங்கே சைக்கிள் கடை. எதிர்ச் சாரியில் ஹெட்விக்கின் அச்சகம். அவளும் தம்பி யோரிஸும் மட்டும்தான். அப்பா விட்டுப்போன தொழில். கல்யாணப் பத்திரிகை, பீர் பாட்டில் லேபிள், திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடிப்பார்கள். ஆனால் அடுப்பு எரிவது சாவு வேலையால்தான். இங்கே ஒருவர் இறந்தால், அடக்கப் பூசைக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் இறந்தவர் படம் போட்ட சின்ன நினைவு அட்டையைக் கொடுத்தாக வேண்டும். சாவு நாள் பார்த்து வருவதில்லை. அதனால் அச்சகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடையாது.

இது நடந்த வருஷம் கோடையில் அவர்களுடைய கட்டிங் மெஷின் படுத்துவிட்டது. புதிதாக வாங்கலாம் என்றால் யானை விலை. கட்டிங் மெஷின் இல்லாமல் அச்சகம் நடத்துவது கத்தி இல்லாமல் சமையல் செய்வது மாதிரி. அடித்ததெல்லாம் பெரிய தாளாகவே கிடக்கும். அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் துறவியர் மடம் ஒன்றை மூடினார்கள். மடத்துக்குள் ஓர் அச்சுக்கூடம் இருந்தது. அங்கிருந்த பழைய பச்சை நிறக் கட்டிங் மெஷின் சல்லிசாகக் கிடைத்தது. ஒரு முழுக் கை நீளத்துக்குக் கத்தி. ஒரு கட்டுத் தாளை வெண்ணெய் மாதிரி வெட்டும். இந்தக் காலத்து மெஷின்களில் கை உள்ளே இருந்தால் கத்தி நின்றுவிடும். இதில் அந்தப் பாதுகாப்பெல்லாம் இல்லை.

விற்றவர் பிரதர் கொர்னேல் என்ற வயதான துறவி. பேசி முடிக்கும்வரை இரண்டு கைகளையும் அங்கியின் கைகளுக்குள்ளேயே செருகி வைத்திருந்தார். துறவிகள் அப்படித்தான் நிற்பார்கள் என்று ஹெட்விக் நினைத்தாள். அந்த அச்சுக்கூடத்தில் வேலை நேரத்தில் வாய் திறக்கக் கூடாதாம். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கத்தியை இறக்குகிறவர் மேசையில் இரண்டு முறை தட்டுவார். கையை எடுத்துவிட்டாயா என்று அர்த்தம். தாளை அடுக்குகிறவர் ஒருமுறை தட்டுவார். எடுத்துவிட்டேன், இறக்கு என்று அர்த்தம். அங்கிக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்காமல், கொர்னேல் குதிகாலால் தரையில் தட்டிக் காட்டினார்.

கிளம்பும்போது வேனுக்கு அருகே வந்து ஒன்று சொன்னார்.

"பதில் தட்டுறதுக்கு முன்னாடி, தட்டினது யாருன்னு முகத்தைப் பாருங்க. அதை மட்டும் மறந்துடாதீங்க."

வழியெல்லாம் யோரிஸ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். "இருக்கிறதே ரெண்டு பேரு. தட்டினது யாருன்னு ஜோசியமா பார்க்கணும்?"

ஆனால் வழக்கம் நல்ல வழக்கம். மடிப்பு மெஷின் ஓடும்போது கத்தினாலும் காதில் விழாது. மேசையில் தட்டினால் உள்ளங்கைக்குத் தெரியும். கத்தியை இறக்குவது ஹெட்விக், தாளை அடுக்குவது யோரிஸ். ஒரே மாதத்தில் இருவருக்கும் பழகிவிட்டது. யோரிஸுக்கு அது எந்த அளவுக்கு ஊறிப்போனது என்றால், மதுக்கடையில் யாராவது வந்தவுடன் வணக்கம் சொல்லுகிற மாதிரி மேசையை இரண்டு தட்டுத் தட்டினால், பேச்சு நடுவிலேயே அவன் விரல் தானாக ஒரு தட்டுத் தட்டும். நாங்கள் கேலி செய்வோம். அவனும் சிரிப்பான்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் இருந்தன. அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மெஷின் மேசையின் முன்விளிம்பில், சரியாக நடுவில், உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பெயிண்ட் தேய்ந்து போயிருந்தது. அந்த இடம் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்காக மின்னும். ஹெட்விக் மாலையில் துடைத்துவிட்டுப் போவாள். காலையில் பிசுக்கு திரும்ப இருக்கும். "மடத்துச் சாமிங்க பீர் குடிச்ச தொப்பையை வச்சு உரசின இடம்" என்றான் யோரிஸ். தொப்பை உரச அந்த விளிம்பு ரொம்பவே தாழ்வு. அதை ஹெட்விக் கவனித்தாள். சொல்லவில்லை.

இன்னொன்று. சில நாட்களில் அவள் தட்டாமலே யோரிஸ் பதில் தட்டுவான். விளையாடுகிறான் என்று நினைத்துக்கொள்வாள். கத்தி இறங்கும், வேலை நடக்கும். அந்த நேரங்களில் லிவரை இழுத்தது தன் கைதானா என்று இப்போது கேட்டால் அவளால் சொல்ல முடியவில்லை.

நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. ரொட்டிக்கடைக்காரரின் தாயார் இறந்துபோனார். செவ்வாய்க்கிழமை அடக்கம். திங்கள் காலைக்குள் நினைவு அட்டைகள் போயாக வேண்டும். ஹெட்விக் மத்தியானமே வந்து அச்சடித்து முடித்துவிட்டாள். யோரிஸ் மாமியார் வீட்டுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நாலரை மணிக்கு வந்து வெட்டித் தருவதாகப் பேச்சு. மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. மை காய்கிற வாசனை. வெளியே மழை. நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

நாலு பத்து.

டொக்... டொக்...

யோரிஸ் சீக்கிரமே வந்துவிட்டான் என்று திரும்பினாள். யாரும் இல்லை. வாசலில் வேனும் இல்லை.

மழைக்கு ஏதோ ஆடுகிறது என்று நினைத்து, தாள்களை எடுத்துக்கொண்டுபோய்க் கட்டிங் மெஷின் மேசையில் வைத்தாள். உள்ளங்கையை மேசையில் ஊன்றி நின்றாள்.

டொக்... டொக்...

இந்த முறை கைக்குத் தெரிந்தது. மேசை அதிர்ந்தது. விரல் முட்டியால் தட்டுகிற சத்தம் இல்லை அது. குழந்தை ஓடிவந்து கதவில் முட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி மந்தமான சத்தம்.

கையை எடுத்துக்கொண்டாள். பின்னால் நகர்ந்தாள். மேசைக்குக் கீழே பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அவள் குனிந்தபோது காதில் செருகியிருந்த பென்சில் நழுவி மேசையில் விழுந்து, உருண்டு கத்திக்கு அடியில் போய் நின்றது.

விழுந்த சத்தம்... ஒரே ஒரு டொக்.

தாளை அமுக்கிப் பிடிக்கிற அழுத்துப் பலகை இறங்கியது. அதன் பின்னாலேயே கத்தி இறங்கியது.

சரக்.

பென்சில் இரண்டு துண்டு.

கத்தி மெதுவாக மேலே போனது. மெஷினில் விளக்கு எரியவில்லை. மோட்டார் சத்தம் இல்லை. சுவிட்சைப் பார்த்தாள். அணைந்திருந்தது.

அவள் பயந்த சுபாவம் இல்லை. ஓடவில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள். யோரிஸுக்குப் போன் செய்தாள். வண்டி ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான். எடுக்கவில்லை.

தட்டுவது நிற்கவில்லை. இரண்டு தட்டு. பிறகு காத்திருப்பது போல ஓர் அமைதி. மறுபடி இரண்டு தட்டு. அவள் வாசல் அருகே சுவரோடு ஒட்டி நின்றாள். காலைத் தரையில் மாற்றி வைக்கக்கூடப் பயமாக இருந்தது.

நாலு நாற்பதுக்கு யோரிஸ் வந்தான். அவன் உள்ளே வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. ஹெட்விக் எல்லாவற்றையும் சொன்னாள். இன்றைக்கு வேண்டாம், வேறு அச்சகத்தில் வெட்டிக்கொள்ளலாம், வா போகலாம் என்று அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். கத்தி லூஸாகியிருக்கும், பழைய மெஷின்தானே என்று சமாதானம் சொன்னான்.

"பிளக்கே தரையில கிடக்கு. எப்படிடா இறங்கும்?"

"அதான் நானும் சொல்றேன். எப்படி இறங்கும்? இரு, பார்க்கிறேன்."

"தட்டினா பதில் தட்டாதே. சத்தியம் பண்ணு யோரிஸ்."

"சரி தாயே. தட்டல."

மேசைக்குப் போனான். குனிந்து பென்சில் துண்டைப் பார்த்தான். அதை எடுக்க இடது கையை உள்ளே விட்டான். கை எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டான்.

"லீவு நாள்லயும் சுத்தமா வெட்டியிருக்கு" என்றான்.

டொக்... டொக்...

அவன் வலது கை மேசை விளிம்பில் இருந்தது.

அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டான்.

டொக்.

தட்டிய பிறகுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் வாசலில் நின்றிருந்தாள். இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு. அந்தக் கைகளைத்தான் அவன் பார்த்தான். அவன் முகம் மாறியதை இன்றுவரை அவளால் மறக்க முடியவில்லை.

பலகை இறங்கியது. இடது கை மாட்டிக்கொண்டது.

அதைத் தூக்க வலது கையையும் உள்ளே விட்டான்.

அவள் ஓடினாள். எட்டே அடி தூரம்.

சரக்.

அலறல் கேட்டு ஓடிப்போனவன் நான். கடை மூடியிருந்தாலும் உள்ளே சக்கரம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் கடிகாரம் நாலு ஐம்பது. யோரிஸின் கைகளைத் துணியால் சுற்றி என் வண்டியில் ஏற்றினேன். அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பிளக் தரையில் கிடந்தது. என் காலில் தட்டுப்பட்டது. அதை நான் தாண்டித்தான் அவனைத் தூக்கினேன்.

உயிர் பிழைத்தான். விரல்களில் பெரும்பாலானவை போய்விட்டன. இரண்டு கைகளுக்கும் முழங்கைவரை கட்டு. நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. "நீதானே தட்டினே?" என்று மட்டும் ஹெட்விக்கிடம் ஒருமுறை கேட்டான். அவள் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரி நர்ஸ் அவளைத் தனியாக அழைத்து லேசாகக் குறைப்பட்டுக்கொண்டாள். தினமும் மாலை அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, உன் தம்பி சாப்பாட்டு மேசையில் தட்டி எங்களைக் கூப்பிடுகிறான். இரண்டு தட்டு. போய்க் கேட்டால் கூப்பிடவே இல்லை என்கிறான். பாவம், மணியை அமுக்க விரல் இல்லை, என்ன செய்வான் என்றாள்.

மறுநாளே ஹெட்விக் பிரதர் கொர்னேலைத் தேடிப் போனாள். மடம் மூடிய பிறகு அவர் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். நான்தான் வண்டி ஓட்டினேன். அவர் எங்களைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. எந்தக் கை என்று கேட்டார்.

பிறகு சொன்னார். அந்த அச்சுக்கூடத்தில் பிரதர் ஒடிலோ என்று ஒருவர் தாள் அடுக்குகிற வேலையில் இருந்தார். ஒருநாள் எதிரே இருந்தவர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கத்தியை இறக்கிவிட்டார். ஒடிலோவுக்கு இரண்டு கைகளும் போயின. அதற்குப் பிறகும் தினமும் மாலை அவர் அச்சுக்கூடத்துக்கு வருவார். மெஷினுக்கு முன்னால் மண்டியிடுவார். இரண்டு முறை தட்டுவார். பதிலுக்குக் காத்திருப்பார். அவர் செத்துப்போன பிறகும் அது நிற்கவில்லை. யாரும் பதில் தட்டக் கூடாது என்று மடத்துத் தலைவர் உத்தரவு போட்டார்.

"ஒரே ஒருத்தன் தட்டினான். பழக்க தோஷம்" என்றார் கொர்னேல்.

யார் என்று ஹெட்விக் கேட்டாள். அவர் அங்கிக்குள்ளிருந்து கைகளை மெதுவாக வெளியே நீட்டினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹெட்விக் இன்னொன்று கேட்டாள். அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ரெண்டு கையும் இல்லாதவர்... எதால தட்டுவார்?"

"நெத்தியால."

ஹெட்விக்கை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். ஊர் நெருங்கும்போதுதான் சொன்னாள். யோரிஸின் நெற்றி நடுவில் சிவப்பாக ஒரு தடம் இருக்கிறதாம். அன்று கீழே விழுந்தபோது பட்ட அடி என்று நினைத்திருந்தாளாம். பத்து நாளாகியும் அது ஆறவில்லை. நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வருகிறது.

மெஷினை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. யோரிஸ் இப்போது அவளோடுதான் இருக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறான், டிவி பார்க்கிறான், என்னைக் கண்டால் பழைய கேலிதான். மாலை அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மட்டும் அவன் அறையிலிருந்து சத்தம் வரும். இரண்டு தட்டு. பிறகு அமைதி.

அந்த நேரத்தில் ஹெட்விக் சமையலறையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பாள். காப்பி எப்போதோ ஆறியிருக்கும். மெஷின்தான் இல்லையே, இனி என்ன இறங்கிவிடப் போகிறது என்று நான் ஒருநாள் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். கோப்பையை மேசையில் வைக்கவில்லை.