தொண்ணூற்றொரு சதவீதம் நல்ல வண்டி

இதை நான் முதலில் புகாராகத்தான் எழுதினேன். நுகர்வோர் புகார் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘குறைபாட்டின் விவரம்’ என்று போட்டு ஆறே ஆறு வரி விட்டிருந்தார்கள். நான் பின்பக்கமும் சேர்த்து நிரப்பிக் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் பொறுமையாகப் படித்தார். பேட்டரியைப் பற்றிய நாலு வரியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கோடு போட்டு அடித்தார். "இதையெல்லாம் புகார்ல எழுத முடியாதுங்க" என்றார். ஏன் எழுத முடியாது? நடந்தது நடந்ததுதானே. அவர் அடித்த பகுதியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. கூட்டிச் சொல்ல எனக்கு வராது, கோபப்படத்தான் வரும்.

நடந்தது என் அக்காவுக்கு. கடைசிப் பகுதியில் நானும் கூட இருந்தேன்.

அக்கா மருந்துக் கடையில் கவுண்டரில் நிற்பவள். தேதி பார்க்காமல் ஒரு தைல டப்பாவைக்கூட எடுத்துக் கொடுக்க மாட்டாள். அத்தான் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ். ஒரு நாள் தவறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். அடுத்ததும் தவறினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டயாலிசிஸ் மையம் வீட்டிலிருந்து முப்பத்தோரு கிலோமீட்டர். அந்த நேரத்துக்கு வாடகைக் கார் வந்தால் வந்தது, வராவிட்டால் அக்கா தெருமுனையில் நின்றுகொண்டு போனைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

அதனால்தான் கார் வாங்குவது என்று முடிவு செய்தாள். மூன்று மாதம் இதே வேலையாக இருந்தாள். மின்சாரக் கார்தான் என்றாள். புதிதில் யானை விலை, மூன்றே வருடத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எஞ்சின் இல்லை, ஆயில் இல்லை, வீட்டு பிளக்கில் போட்டால் காலையில் தயார். பார்க்க வேண்டியது பேட்டரியின் ஆரோக்கியம் ஒன்றுதான். அவள் சொன்னதில் தப்பே இல்லை. இப்போதும் சொல்கிறேன், தப்பு அவளுடையது இல்லை.

வெள்ளை நிறம். சின்ன வண்டி. பழைய கார் விற்பவன் ஒருவன் காட்டினான். அவன் பெயர் வேண்டாம். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் சிரிப்புக்காரன். அக்கா டயரைப் பார்த்தாள், சார்ஜ் போடும் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள், கேபிளை அடிமுதல் நுனிவரை தடவிப் பார்த்தாள். அவன் ஒரு சான்றிதழை நீட்டினான். பேட்டரி ஆரோக்கியம் தொண்ணூற்றொரு சதவீதம். தேதி போன வாரம்.

"இந்த விலைக்கு இப்படி ஒரு பேட்டரி கிடைக்காதுக்கா" என்று சிரித்தான்.

தேதி பார்த்தே பழகியவள் அக்கா. தேதி புதுசு என்றதும் நம்பிவிட்டாள். அந்த ஒரு இடத்தில்தான் கோட்டை விட்டாள்.

முதல் திங்கட்கிழமை. விடியற்காலை 4.50.

அக்கா அடுக்களையில் அத்தானின் மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே ஹூம்ம்ம் என்று சத்தம். போய்ப் பார்த்தாள். கொட்டகையில் வண்டியின் ஹீட்டர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளில் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது.

திரையைத் தட்டிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. இந்த மாதிரி வண்டிகளில் கிளம்பும் நேரத்தைப் பதிந்து வைக்கலாம். அதற்குள் உள்ளே கதகதப்பாக்கி வைத்துவிடும். பழைய சொந்தக்காரர் பதிந்தது அழியாமல் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி. 4.50.

"நமக்குன்னே வெச்ச மாதிரி இருக்கு" என்று அத்தானிடம் சொன்னாள். அழிக்காமல் விட்டாள். இருப்பதை எதற்குக் கெடுப்பானேன்?

4.58க்குக் கிளம்பினார்கள். அத்தான் முன்சீட்டில். தெருமுனை தாண்டியதும் டிங்... டிங்... டிங்... பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு.

பின்சீட்டில் யாரும் இல்லை. ஒரு பைகூட இல்லை.

எல்லோரும் செய்வதைத்தான் அக்காவும் செய்தாள். வண்டியை நிறுத்தி, வெறும் சீட்டின் மேல் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது.

புதன்கிழமை பார்த்தால் பெல்ட் கழன்று கிடந்தது. நான் கழற்றினேனா என்று எனக்கு போன் செய்து கேட்டாள். நான் அந்த வண்டியை அதுவரை தொட்டதே இல்லை. மறுபடி மாட்டினாள். வெள்ளிக்கிழமையும் கழன்றிருந்தது. மறுபடி மாட்டினாள். சென்சார் கோளாறு என்றான் சிரிப்புக்காரன், போனில்தான். சரி, சென்சார் கோளாறு. பெல்ட்டைக் கழற்றவுமா சென்சாருக்குக் கை முளைத்தது?

இரண்டாவது வெள்ளிக்கிழமை.

4.50க்கு ஹீட்டர் ஓடியது. 4.58க்குக் கிளம்பினார்கள். சார்ஜ் எண்பது. முந்தின நாள் அத்தான் கொஞ்சம் தண்ணீர் அதிகமாகக் குடித்துவிட்டார். கால் வீங்கியிருந்தது. பேச முடியாமல் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அக்கா அவர் மூச்சை எண்ணிக்கொண்டே ஓட்டினாள்.

பாலம் வந்தது. நீளமான பாலம். கீழே தண்ணீர், மேலே பாதி விளக்குகள் எரியவில்லை.

5.21.

பின்னால் ‘டக்’ என்று சத்தம்.

பெல்ட் கழலும் சத்தம். அடுத்து சர்ர்ர்... என்று அது சுருண்டு உள்ளே போகும் சத்தம்.

டிங்... டிங்... டிங்...

வண்டியின் வேகம் குறைந்தது. அக்கா அழுத்தி மிதித்தாள். பலனில்லை. நடுப்பாலத்தில் நின்றது. திரையில் சார்ஜ் அறுபத்திரண்டு சதவீதம் என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"பதினொன்னு" என்றார் அத்தான்.

"என்னங்க?"

"இன்னும் பதினோரு கிலோமீட்டர். நீதானே கேட்ட."

"நான் கேக்கல."

அத்தான் கண்ணைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். பின்னால் திரும்பவில்லை.

"பின்னாடி இருந்து கேட்டுச்சு" என்றார் மெதுவாக.

அக்கா கண்ணாடியில் பார்த்தாள். சீட் காலி. ஆனால் இடது பக்கம்... உட்காரும் இடம் குழிந்திருந்தது.

வெறும் சீட். அழுந்திய சீட்.

 அக்காவுக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வரும். பின்பக்கம் திரும்பி, "யாரா இருந்தாலும் இருந்துட்டுப் போங்க, என் புருஷனை மட்டும் விட்டுடுங்க" என்றாள்.  இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம் மட்டும். அத்தானுடையது என்று முதலில் நினைத்தாள்.

இரண்டு மூச்சு கேட்டது.

5.24க்கு சிரிப்புக்காரனுக்கு போன் செய்தாள். தூக்கக் குரலில் எடுத்தான். பாலத்தில் நிற்கிறது, ஆஸ்பத்திரி கேஸ், ஏதாவது செய் என்றாள். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். சொன்னாள். "பதினொன்னுதானே? கொஞ்சம் பொறுங்கக்கா, தானா ஸ்டார்ட் ஆயிடும்" என்று சொல்லிவிட்டு... சிரித்தான்.

அந்த வழியாக வந்த ஒரு பேக்கரி வேன்காரர்தான் அத்தானைத் தூக்கி ஏற்றி மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும். நாற்பது நிமிடம் தாமதம். அடுத்த ஷிப்ட்டுக்கு ஆள் காத்திருந்ததால் நேரத்தைக் குறைத்துத்தான் செய்தார்கள். அடுத்த இரண்டு நாளும் அத்தான் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். பக்கத்தில் அக்காவும் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமையே நான் பேட்டரி மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது. அவர் தன் கருவியை மாட்டிப் பார்த்தார். பேட்டரி ஆரோக்கியம் நாற்பத்தெட்டு சதவீதம்தான். நொந்துபோன பேட்டரியின் நினைவை அழித்துவிட்டு, புதிதாகத் தொண்ணூற்றொன்று காட்ட வைத்திருக்கிறார்கள். படுபாவிகள். இதற்கு ஒரு சான்றிதழ் வேறு.

"ஆனா ஒண்ணு புரியலைங்க" என்றார் மெக்கானிக். "இப்படி அழிச்சா எல்லாமே போயிடும். இந்த 4.50 மட்டும் எப்படி இருக்கு?"

அவரே அதை அழித்தார். திரும்பத் தட்டினார். இருந்தது. இன்னொரு தடவை அழித்தார். இருந்தது. கருவியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை பகல் மூன்று மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. அக்காவும் நானும் சிரிப்புக்காரன் கடைக்குப் போனோம். அக்கா கத்தவில்லை. அவள் கத்தாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

"ஏறுங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"எதுக்குக்கா, வண்டி நல்லாத்தானே..."

"நல்லா இருக்குன்னா ஏற வேண்டியதுதானே."

முன்சீட்டில் நான் இருந்தேன். அவன் பின்னால் ஏறினான். இடது பக்கம். பெல்ட் போட்டுக்கொண்டான். வழியெல்லாம் பேட்டரியின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தான்.

பாலம் வந்தது. 3.32.

வண்டி நின்றது. அறுபத்திரண்டு சதவீதம்.

"அக்கா... ஹீட்டர் போட்டிருக்கீங்களா?"

யாரும் போடவில்லை.

"சீட்டு சுடுது."

அவன் பெல்ட்டின் பொத்தானை அமுக்கினான். கழலவில்லை. இரண்டு கட்டை விரலாலும் அமுக்கினான். நான் திரும்பிப் பார்த்தேன். பெல்ட் அவன் மார்பில் இறுகியிருந்தது. அவன் எங்களைப் பார்க்கவில்லை. தன் தோளுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

"பதினொன்னுதானேம்மா" என்றான். குரல் கீச்சென்று வந்தது. "பதினோரு கிலோமீட்டர்தானே... கொஞ்சம் பொறுங்க... தானா ஸ்டார்ட் ஆயிடும்னு..."

நிறுத்தினான்.

"தானா ஸ்டார்ட் ஆயிடும்னுதான் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்..."

‘டக்’.

பெல்ட் கழன்றது. அவன் கதவைத் திறந்துகொண்டு பாலத்தில் ஓடினான். ஒரு செருப்பு சீட்டுக்கடியிலேயே கிடந்தது.

அன்று சாயங்காலமே பணம் முழுவதும் திரும்பி வந்தது. பேரம் இல்லை, பேச்சும் இல்லை. அவன் திருந்திவிட்டான் என்று நினைத்தீர்களா? எட்டாவது நாள் அதே வெள்ளை வண்டி மறுபடி விளம்பரத்தில் வந்தது. தொண்ணூற்று மூன்று சதவீதமாம். நல்ல விலைக்குக் கிடைக்கும் மின்சாரக் காரை வாங்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். விற்கிறவன் காட்டும் காகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் ஆளை வைத்து, உங்கள் கருவியால் பாருங்கள். முழுசாகச் சார்ஜ் போட்டு, தீரும் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த அம்மா யார் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றாள். விடியற்காலையில், வாரத்தில் மூன்று நாள், அந்தப் பாலத்தைத் தாண்டிப் பதினோரு கிலோமீட்டரில் என்ன இருக்கிறது? அடுத்த திங்கட்கிழமை டயாலிசிஸ் மையத்தில் இருக்கும் நர்ஸிடம் மெல்லக் கேட்டாள். வெள்ளைக் காரில் ஒரு அம்மா வருவாரா என்று.

நர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"வந்துட்டிருந்தாங்க. அவங்க வீட்டுக்காரர்தான் ஓட்டிட்டு வருவார். ஒரு வெள்ளிக்கிழமை வழியில வண்டி நின்னுடுச்சு. அவர் உதவிக்கு ஆள் தேடி நடந்து போயிருக்கார். திரும்பி வர்றதுக்குள்ள... பெல்ட்டைக் கழட்டிட்டு எழுந்திரிக்கப் பாத்திருக்காங்க. முடியல."

"எப்ப?"

"நாலு மாசம் இருக்கும். நீங்க வர்றதுக்கு முந்தின வாரம்."

அக்காவுக்குப் புரியவில்லை. நர்ஸ்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். இங்கே எல்லாப் படுக்கையும் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வராமல் போக வேண்டும். திங்கள், புதன், வெள்ளி முதல் ஷிப்ட்டில் அன்றைக்கு ஒரே ஒரு படுக்கைதான் காலியானது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அத்தான் அதில்தான் படுத்திருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து அக்கா என்னிடம் சொன்னாள்: "வண்டியத் திருப்பிக் கொடுத்துட்டேன்டா. அந்தப் படுக்கைய எப்படித் திருப்பிக் கொடுக்கறது?"

புதன்கிழமை வாடகைக் கார் பிடித்து, ஆறு மணிக்கெல்லாம் அத்தானை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள்.