ஹனாவின் இரண்டு வருடங்களைக் காத்த ஸாஜிதா

ஞாயிற்றுக்கிழமை அசறுத் தொழுகைக்குப் பிறகு நான் ஒரு கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாடசாலையில் தரம் மூன்றில் சேரக் கேட்டிருந்த ஒரே ஒரு பிள்ளைக்கான தாள் அது. கணிதத்தில் ஆறாவது கேள்விக்கு வந்திருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரணத்தைச் சொல்லும் ஜனாஸா அறிவித்தல் தொடங்கியது. கடற்கரை வீதி நெல் வியாபாரி நௌபரின் மனைவி ஸாஜிதா வபாத்தாகிவிட்டார் என்றார்கள். நான் தயாரித்துக்கொண்டிருந்த தாளை எழுத இருந்த ஹனாவின் உம்மாதான் அவர்.

வியாழக்கிழமை காய்ச்சலோடு ஆசுபத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு என்றார்கள். வயது முப்பத்து நான்கு. சுகமாகி வந்துவிடுவார், மகளைப் பரீட்சைக்குக் கூட்டிவரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நான் போகாமல் இருந்துவிட்டேன். இரண்டு வீதி தள்ளி இருந்துகொண்டு போய்ப் பார்க்காத அந்தக் குறை எனக்கு ஆயுளுக்கும் இருக்கும்.

ஸாஜிதாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் ஆசிரியை அல்ல. உயர்தரம் கலைப்பிரிவில் சித்தியடைந்த கையோடு கல்யாணம் முடித்தவர். குள்ளமான உருவம், ஓட்டமும் நடையுமாகத்தான் போவார். அபாயாவின் கைவிளிம்பில் காய்ந்த பசை எப்போதும் ஒட்டியிருக்கும். நான் முப்பது வருடமாகக் கல்முனைப் பக்கத்துப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்த வாயை இரண்டு முறை அடைக்கவைத்தவர் ஸாஜிதா.

ஹனாவுக்கு ஐந்து வயதாகி, தரம் ஒன்றுக்குச் சேர்க்க வேண்டிய நேரத்தில் முகம் வீங்கியது. பிறகு கால் வீங்கியது. சிறுநீரில் புரதம் கழிந்துபோகும் நோய் என்று கண்டுபிடித்தார்கள். மருந்து கொடுத்தால் அடங்கும், தடிமன், சளி பிடித்தால் திரும்ப வரும். நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மருந்தும் சேர்ந்ததால், அடங்கி நிற்கும்வரை பிள்ளையைக் கூட்டத்துக்குள் விட வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அது எத்தனை மாதம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

அப்போது ஸாஜிதா என் வீட்டுக்கு வந்து, தரம் ஒன்றின் பாடநூல்களை ஒரு கட்டு தர முடியுமா என்று கேட்டார்.

"என்னத்துக்குப் புள்ள இந்த அவசரம்? சுகமானாப் பிறகு ஒரு வருஷம் பிந்திச் சேர்த்தா என்ன குறைஞ்சு போகும்?" என்றேன்.

"டொக்டர் உடம்புக்குத்தான் ஓய்வு எழுதித் தந்தவர், டீச்சர். மூளைக்கு எழுதித் தரல்ல. அவள் பிறந்த வருஷத்துப் புள்ளைகள் எந்த வகுப்போ, அந்த வகுப்புல அவளும் போய் இரிக்கணும். ஒரு வருஷமும் நான் விட்டுத்தர மாட்டன்."

புத்தகக் கட்டைக் கொடுத்தேன். இது ஒரு மாதத்து வேகம், பிறகு அடங்கிவிடும் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் நௌபரின் தம்பி குடும்பம் கட்டாரிலிருந்து ஒரு பெரிய பெட்டி அனுப்பியது. வீட்டிலேயே பிள்ளைக்குப் படிப்பிக்கும் பெற்றோருக்கென்று எங்கோ குளிர் நாடொன்றில் தயாரித்த பாடத்திட்டம் அதற்குள் இருந்தது. வழவழப்பான தாளில் வர்ணப் படங்கள், எண்ணும் மணிகள், எந்த வாரம் எந்த நாள் எந்தப் பக்கம் என்று சொல்லும் தடித்த வழிகாட்டி நூல். எல்லாம் ஆங்கிலம். ஸாஜிதா அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, வழிகாட்டி சொன்னபடியே நடந்தார். இவ்வளவு செலவழித்துச் செய்தவர்கள் பிழையாகச் செய்திருக்க மாட்டார்கள் என்று நம்பினார்.

ஆறாவது வாரத்தில், மரங்களின் இலைகள் சிவந்தும் மஞ்சளாகியும் விழும் காலம், பிள்ளையோடு போய்ப் பொறுக்குங்கள் என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் எந்த மரம் அப்படிச் சிவந்து உதிர்கிறது? ஸாஜிதா காலையில் பிள்ளை எழும்புமுன் பலா இலைகளைப் பறித்து, சிவப்பும் மஞ்சளும் வர்ணம் பூசி, காயவைத்து, மரத்தடியில் பரப்பிவிட்டார். ஹனா போய் ஒரு இலையை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறாள்.

"உம்மா, நம்மட பிலா மரத்துக்கும் வருத்தமா?"

இதை என்னிடம் வந்து சொல்லும்போது முதலில் சிரித்தார். சொல்லி முடிக்கையில் அழுதார். உலகத்தில் எதைப் பார்த்தாலும் வருத்தம், நோய் என்று நினைக்கும் அளவுக்கு என் பிள்ளையை வைத்திருக்கிறேனே டீச்சர் என்று சொல்லி அழுதார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அன்றைக்குப் பிறகுதான் நான் இங்கே எழுத வந்த ஸாஜிதா தொடங்குகிறார். அவர் பெட்டியைத் தூக்கி எறியவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார். பெட்டியையும் எங்கள் அரச பாடநூல்களையும் கடையில் வாங்கிய அப்பியாசக் கொப்பிகளையும் இணையத்தில் இறக்கி அச்சடித்த தாள்களையும் பன்பாயில் பரப்பினார். ஹனா ஒருநாள் பாடசாலைக்குப் போகத்தான் போகிறாள், ஆகவே என்ன படிக்க வேண்டும் என்பதற்கு அரச பாடநூல். எப்படிப் படிப்பது என்பதை மட்டும் தானே தீர்மானிப்பது என்று முடிவெடுத்தார். ஒவ்வொரு பக்கமாகக் கையில் எடுத்து, இது எதைப் படிப்பிக்கிறது, அதை ஹனா கண்டிருக்கிறாளா, காணாவிட்டால் காட்ட முடியுமா என்று பார்த்தார். கருத்து நல்லது, படம்தான் அந்நியம் என்றால் படத்தின் மேல் வேறு படம் ஒட்டினார். படம் அழகு, உள்ளே ஒன்றுமில்லை என்றால் பக்கமே வெளியே போனது. பெட்டியில் வந்த எண்ணும் மணிகள் நல்லவை என்று அவற்றைக் கடைசிவரை வைத்திருந்தார்.

நான்கு பருவம் வரைந்த வட்டத்தின் மேல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு புது வட்டம் ஒட்டினார். அதற்காக நௌபரிடம் எப்போது விதைப்பு, எப்போது வாய்க்காலில் தண்ணீர் திறப்பார்கள், எப்போது வெட்டு என்று கேட்டுக் கேட்டு அந்த மனிசனைப் படாதபாடு படுத்தினார். ஹனாவுக்குச் சுகமாயிருந்த ஒரு காலையில், நெல் ஏற்றப் போன லொறியின் முன்னாசனத்தில் மூவரும் சாகாமம் குளத்துக்குப் போய், குளக்கட்டில் நின்று தண்ணீர் போகும் வழியைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"முந்தி பெட்டி சொல்றத நான் கேட்டன். இப்ப நான் சொல்றதப் பெட்டி கேட்குது, டீச்சர்" என்றார்.

அந்த நாட்களில் நானும் என் பங்குக்கு உதவி செய்வதாக நினைத்து, என் வகுப்பில் பாவிக்கும் பயிற்சித்தாள்கள் ஒரு கட்டுக் கொடுத்தேன். நான்கு நாளில் முக்கால்வாசி திரும்பி வந்தது.

"கோவிக்க வேணாம் டீச்சர். இருவது தாளும் ஒரே விஷயத்தத்தான் கேட்குது. அவளுக்கு மூணு போதும். மிச்சத் தாளெல்லாம் புள்ளைகளச் சத்தம் போடாம வெச்சிரிக்கத்தானே?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேற்று வந்தவள் எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டாளா என்று ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. கோபம் ஆறிய பிறகு, நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அந்தத் தாள்களை நான் எதற்காகக் கொடுத்துவந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அடுத்த தவணை என் தாள்களில் பாதியைக் கிழித்துப் போட்டேன். அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். ஓம் டீச்சர், நல்லம் என்று மட்டும் சொன்னார், பெருமைப்படவில்லை.

ஹனாவின் மருந்து கூடிய நாட்களில் பிள்ளைக்கு எரிச்சலும் பசியும் வரும், பென்சில் பிடிக்க மாட்டாள். முதலில் ஸாஜிதா அந்த நாட்களிலும் கட்டாயப்படுத்தி, பிள்ளையும் அழுது, தானும் அழுது பார்த்திருக்கிறார். பிறகு பாடங்களை இரண்டு கட்டாகப் பிரித்தார். எழுத்தும் கணக்கும் நல்ல நாள் கட்டில். கதை கேட்பது, பயறு உழுந்து பிரிப்பது, படத்தைப் பார்த்துக் கதைப்பது மருந்து நாள் கட்டில். காலையில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் அன்றைய கட்டை எடுப்பார். எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத ஏற்பாடு இது.

இன்னொன்றும் செய்தார். நோய் திரும்புகிறதா என்று தினமும் காலையில் சிறுநீரில் ஒரு சோதனைத் துண்டைத் தோய்த்து நிறம் பார்த்து, கிளினிக் கொப்பியில் குறிக்க வேண்டும். ஆறு வயதில் அந்த வேலையை ஹனாவிடமே கொடுத்தார். நிறத்தை ஒப்பிடுவதும் திகதி எழுதுவதும் புரதம் எவ்வளவோ அத்தனை பிளஸ் குறியீடு போடுவதும் அவள். பிறகு கட்டம் போட்ட தாளில் அதை வரைபடமாக்கவும் பழக்கினார். ஒருமுறை கிளினிக்கில் டொக்டர், கடைசியாக எப்போது கூடியது என்று ஸாஜிதாவிடம் கேட்க, ஹனா தாளை விரித்து, "நாலு நாள் ரெண்டு பிளஸ், மறுகா ஒரு நாள் ஒரு பிளஸ், இப்ப பதினொரு நாள் ஒண்டுமில்ல" என்றிருக்கிறாள். டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாராம்.

இப்படி இரண்டு வருடம் போனது. நோய் நன்றாக அடங்கி, இனிப் பாடசாலைக்கு அனுப்பலாம் என்று டொக்டர் சொன்னதும், ஸாஜிதா, ஹனா எழுதிய தாள்களைக் கோத்த கோவைகள் மூன்று பைகள் நிறைய, எங்கள் பாடசாலை அதிபரிடம் கொண்டுவந்தார். அதிபர் கெட்டவர் அல்ல. ஆனால் பிள்ளை எந்தப் பாடசாலையிலும் படித்ததற்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. தரம் ஒன்றிலிருந்து தொடங்குவதுதான் முறை என்றார். தன் வயதுப் பிள்ளைகள் தரம் மூன்றில் இருக்க, ஹனா ஐந்து வயதுப் பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டும்.

"பேப்பர் வெச்சுப் பாருங்க சேர். அவள் எழுதட்டும். தவறினா தரம் ஒண்டுல நானே கையப் பிடிச்சிக் கொண்டுவந்து விடுறன்" என்றார் ஸாஜிதா. கோவைகளைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். குரல் உயரவில்லை, எழும்பவும் இல்லை. கடைசியில் அதிபர் ஒரு திங்கட்கிழமையைக் குறித்து, தாள் தயாரிக்கும் வேலையை என்னிடம் தந்தார்.

நானும் அந்த அறையில் இருந்தேன். அந்தப் பிள்ளை என்ன படித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமும் பார்த்தவள் நான். ஆனாலும் அதிபர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தேன். இந்த நீளமான வாய் அன்றைக்கு எங்கே போனதென்று எனக்கே வெட்கமாயிருக்கிறது.

குறித்த திங்கட்கிழமைக்கு எட்டு நாள் முன்புதான் ஸாஜிதா போனார். மூன்றாம் நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது நௌபர் வாசலில் இருந்தார். சாப்பிட்டு நாளாயிருக்கும் போலிருந்தது.

"பேப்பர வேணாம் எண்டு சொல்லிருங்க டீச்சர். அவள் தரம் ஒண்டுலயே இரிக்கட்டும். அந்தப் புள்ளைய இப்ப என்னண்டு எழுதச் சொல்ற?" என்றார்.

உள்ளேயிருந்து ஹனா வந்தாள். அழுதழுது முகம் சிவந்திருந்தது. எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"திங்கள் எண்டு உம்மா சொன்ன. நான் எழுதுவன் வாப்பா."

நௌபர் மகளைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து ஆறாவது கேள்வியிலிருந்து தாளை எழுதி முடித்தேன். ஒரு கேள்வியையும் இலேசாக்கவில்லை. இலேசாக்கியிருந்தால் ஸாஜிதாவின் இரண்டு வருடத்துக்கு அது அவமானம்.

திங்கட்கிழமை அதிபரின் அறையில் ஹனா எழுதினாள். பக்கச்சார்பு வரக் கூடாதென்று வேறொரு ஆசிரியை மேற்பார்வை செய்ய, நான் கதவுப் பக்கம் நின்றேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தலை நிமிராமல் எழுதினாள். தாளைக் கொடுக்கும்போது ஒரு பெருக்கல் கணக்கு மட்டும் வெறுமையாயிருந்தது. அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். இது ஏன் செய்யவில்லை என்று அதிபர் கேட்டார்.

"அது இன்னும் படிக்கல்ல சேர். அடுத்த கிழமைக்கெண்டு உம்மா வெச்சிருந்த."

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். இந்த முறை நான் வாயைத் திறந்தேன். அந்தப் பெருக்கலை நான் படிப்பிக்கிறேன் சேர், பிள்ளையை என் வகுப்பில் போடுங்கள் என்றேன். அவர் தாளை மேற்பார்வை செய்த ஆசிரியையிடம் திருத்தக் கொடுத்தார். மற்ற எல்லாக் கேள்விக்கும் அவள் எழுதியது சரியாயிருந்தது.

அன்றைக்கே, புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பதியும் சேர்விடாப்பைக் கொண்டுவரச் சொல்லி, என் எழுத்து வடிவானது என்று என்னையே எழுதச் சொன்னார் அதிபர். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, வாப்பாவின் பெயர், சேரும் வகுப்பு தரம் மூன்று. அதற்கடுத்த கட்டம், இதற்கு முன்னர் கல்வி கற்ற பாடசாலை.

"அதுல ஒரு கோடு போட்டுவிடுங்க டீச்சர்" என்றார் அதிபர்.

நான் கோடு போடவில்லை. 'உம்மா ஸாஜிதா, கடற்கரை வீதி' என்று எழுதினேன். அதிபர் இடாப்பைத் தன் பக்கம் திருப்பி, அதை வாசித்துவிட்டு, கீழே கையொப்பம் வைத்தார்.

போய்வாருங்கள் ஸாஜிதா. நீங்கள் விட்டுத்தர மாட்டேன் என்ற வருடங்களில் ஒன்றும் போகவில்லை. உங்களுக்காகக் கையேந்தும்போதெல்லாம், அந்தக் கட்டத்தில் உங்கள் பெயர் இருப்பதையும் அல்லாஹ்விடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.