பாற்பல்லுக்குள் ஒரு வேர்

அப்போது நான் தர்மபுரத்தில், போரால் இடம்பெயர்ந்து வந்த ஆஸ்பத்திரியின் ஓலைக் கொட்டிலொன்றில் பிள்ளைகளுக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அயலில் குடியேறியிருந்த ஒரு பெண் தன் சிறிய மகளைக் கூட்டி வந்தார். வலது கீழ்க் கடைவாய்ப் பல் குத்துகிறதென்று பிள்ளை விரலை வைத்துக் காட்டினாள். சூத்தை இல்லை. தட்டியும் பார்த்தேன், பல் நல்ல பல்.

"எப்ப தொடங்கினது?"

"பின்வளவில ஷெல்லுக்கு ஒளிக்கப் பங்கர் வெட்டத் தொடங்கின நாளிலயிருந்து, மிஸ்."

சொல்லிவிட்டுத் தயங்கினார். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே மண்ணேறிய சின்னத் தாடையெலும்பு.

"வெட்டேக்க வந்தது. இவளின்ர அப்பா திருப்பிப் புதைக்கச் சொல்லுறார். ஆரின்ர பிள்ளையெண்டே தெரியாது. வயசையாவது சொல்லுங்கோ, மிஸ்."

எல்லாம் பாற்பற்கள். வலது கடைவாயில் ஒன்று கறுத்துக் குழிந்திருந்தது. அதனடியில் சீழ் எலும்பையே அரித்திருந்தது. குழிக்குள் நூல்போல ஏதோ தெரிய, நரம்பெடுக்கும் ஊசியால் மெல்லத் தூக்கினேன். ஏதோ செடியின் வேர். பாற்பல்லுக்குள் நரம்பு ஓடும் கால்வாய்கள் நேராக ஓடுவதில்லை. நாடாபோலத் தட்டையாகி, கிளைவிட்டு, பக்கங்களிலும் துளைகளாகத் திறக்கும். அந்தச் செடிவேர் நரம்பு இருந்த வழியாலேயே இறங்கி, கால்வாய் பிரிந்த இடத்தில் தானும் பிரிந்து, பக்கத் துளையால் எட்டிப் பார்த்தது. இன்னும் ஈரம் காயவில்லை. அதற்குக் கீழே, முளைக்காத பெரிய பல் எலும்புக்குள் பால்வெள்ளையாகக் கிடந்தது.

"அஞ்சாறு வயசிருக்கும்" என்றேன்.

"நொந்திருக்குமோ?"

"ஓம். சரியா நொந்திருக்கும்."

தாயின் மடியில் சாய்ந்திருந்த பிள்ளை கையை நீட்டி அந்தக் கறுத்த பல்லைத் தொட்டாள். "இதுதானம்மா நோகுது."

வேறென்ன செய்வதென்று தெரியாமல், கராம்பு எண்ணெய் தோய்த்த பஞ்சை அவளுடைய நல்ல பல்லில் வைத்து அனுப்பினேன்.

சில கிழமைகளின் பின் அந்தத் தாயைச் சந்தையில் கண்டேன். தாடையை எடுத்த இடத்திலேயே புதைத்து, பங்கரை வேலிப் பக்கமாக வெட்டிவிட்டார்களாம்.

"பிள்ளைக்கு நோ எப்பிடி?"

"அண்டைக்கே நிண்டிட்டுது, மிஸ். ஆனா சாப்பிடேக்க ஒரு பிடி சோறு கொண்டுபோய் அங்க வைக்கிறாள். நல்லாக் குழைச்சுத்தான் வைக்கிறாள். கடிக்க ஏலாதாம்."

மறிக்க வேண்டாமென்று மட்டும் சொன்னேன்.