பிரேமினி போட்ட அரைப் பேர்

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கும் பிரதாப்புக்கு, எந்தக் காரியமும் தானாக நடக்கும் என்ற நம்பிக்கை கிடையாது. ஆளைப் பிடிக்க வேண்டும் என்பான். மகள் பிரேமினியின் ஐந்தாவது பிறந்தநாளுக்குச் சிறப்பு விருந்தினராக அவன் பிடித்த ஆள், தோட்டத்துக் கண்டாக்கையா.

மலையில் எல்லோரையும் வேலை வாங்குகிறவர் அவர்தான். காலையில் பெரட்டுக்களத்தில் அவர் பெரட்டு என்னும் ஆள் கணக்கு எடுக்கும்போது அங்கே நிற்க வேண்டும். பிந்தி வந்தால் பாதிச் சம்பளம். அதற்கு அரைப் பேர் என்று சொல்வார்கள். கொழுந்தெடுக்கப் போகிற பிரதாப்பின் மனைவி பிரியந்திக்கு அந்த மாதம் முழுப் பேர் விழுந்ததே அபூர்வம்.

இத்தனைக்கும் அவள் சோம்பேறி இல்லை. குற்றமெல்லாம் மகளுடையது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கொண்டுபோய் விட்டால், கொஞ்சம் அழுதுவிட்டு உள்ளே போகிற சாதாரணப் பிள்ளையா பிரேமினி? கையில் ஒரு குச்சியோடு வாசலில் நின்று மற்றப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவாள். பிந்தி வருகிறவனைப் பார்த்து, "என்ன, ஒனக்கு இப்பதான் விடிஞ்சுதா?" என்று அப்படியே கண்டாக்கையா மாதிரிக் கேட்பாள். வரிசையில் தாயும் நிற்க வேண்டும். பாதியில் நழுவினால் கத்துகிற கத்தில் லயமே கூடிவிடும். மகளுடைய பெரட்டு முடிந்து பிரியந்தி ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பெரிய பெரட்டு முடிந்திருக்கும்.

"ரெண்டு போட்டா சரியாயிரும்" என்று பிரியந்தி பல்லைக் கடிப்பாள்.

"அவ தலைமை தாங்கப் பொறந்தவ புள்ள. அடிச்சுக் கெடுத்துறாத" என்பான் பிரதாப். அவனுக்கென்ன, ஹட்டனில் பாவா நானாவின் பேக்கரியில் வேலை. பெரட்டு பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

அவன் போட்ட கணக்கு இது: "நம்ம வீட்டுல ஒருக்கா கை நனைச்சிட்டாருன்னா, அப்புறம் ஒனக்கு அரைப் பேர் போட அவருக்கு மனசு வருமா?"

பாதையில் பேனர் ஏறியது. அதில் கோட்டும் டையுமாகக் கண்டாக்கையா. கீழே மூலையில், முத்திரை அளவுக்குப் பிரேமினி. அதைப் பார்த்த சிலர் கண்டாக்கையாவுக்கே பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் லயத்துச் சனம் எல்லாம் வந்தாயிற்று. பேக்கரியிலிருந்து கேக்கும் வந்தாயிற்று. சிறப்பு விருந்தினர்தான் வரவில்லை. அவர் வராமல் மெழுகுதிரி கொளுத்தக்கூடாது என்று பிரதாப் பிடிவாதமாக நின்றான். புது கவுனில் பிரேமினி கேக்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். சின்னப் பிள்ளைகள் தூங்கிவிழ ஆரம்பித்த பிறகு, குடையை மடக்கிக்கொண்டு கண்டாக்கையா உள்ளே வந்தார். பிரதாப் மாலையோடு ஓடினான்.

கேக் வெட்டியதும், நானே எல்லோருக்கும் கொடுப்பேன் என்று பிரேமினி நின்றுவிட்டாள். ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துக்கொண்டே வந்தவள், கண்டாக்கையாவிடம் வந்ததும் கையிலிருந்த துண்டை நடுவில் பிய்த்துப் பாதியை நீட்டினாள்.

"ஐயாவுக்கு முழுசா குடு தங்கம்" என்றான் பிரதாப்.

"லேட்டா வந்தாரு. அரைப் பேர்."

"மழ புடிச்சிருச்சும்மா" என்று சிரித்தார் கண்டாக்கையா.

"காரணமெல்லாம் வேணாம்."

ஒவ்வொரு காலையும் பெரட்டுக்களத்தில் அவர் வாயால் கேட்கிற அதே சொல், அதே இழுவை. பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிரேமினி மீதிப் பாதியைத் தாயிடம் நீட்டினாள். "நீயும் தெனம் லேட்டுதான்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. யாரால் பிந்துகிறோமோ அவளே சொல்லிவிட்டாளே என்று பிரியந்திக்கு அழுகை முட்டியது. வாங்கி வாயில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"கெட்டிக்காரி! ஆளு பாத்து நடக்க மாட்டேங்குறா. பெரிய எடத்துக்கு வருவா பாரு" என்று கண்டாக்கையா வாய்விட்டுச் சிரித்தார். சோறும் கோழிக்கறியும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பிரதாப்புக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளும் பிள்ளைக்காம்பரா வாசலில் பெரட்டு வழக்கம்போல நடந்தது. பிரியந்தி வழக்கம்போல மூச்சிரைக்க ஓடினாள். ஆனால் அன்றைக்கு அரைப் பேர் விழுமே என்ற பயம் இல்லை.

கண்டாக்கையா அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "கறி நல்லா இருந்துச்சு பிரியந்தி." பிறகு, "அரைப் பேர்" என்றார்.

"ஐயா..."

"நான் என்னா செய்ய? பெத்த தாயின்னுகூட பாக்காம ஒம் மகளே பாதிதானே குடுத்துச்சு? அந்தப் புள்ளைக்கு இருக்குற நாயம் எனக்கு இல்லேன்னு ஆயிரக்கூடாதில்ல?"

சாயந்தரம் பிரதாப் வாசலிலேயே செருப்பைக் கழற்றியபடி, "என்னா, முழுப் பேரா?" என்று சந்தோஷமாகக் கேட்டான்.

பிரியந்தி மிச்சமிருந்த கேக்கில் ஒரு துண்டு எடுத்து, நடுவில் வெட்டி, பாதியை அவன் முன்னால் வைத்தாள். பிரதாப் துண்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இல்ல புள்ள, நான் நல்லதுக்குத்தானே..." என்று ஆரம்பித்தான்.

"காரணமெல்லாம் வேணாம்" என்றாள் கட்டிலில் உட்கார்ந்திருந்த பிரேமினி.