வரிசையாய் நின்ற பூவரசங் கம்புகள்

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். தொண்டைமானாற்று நீரேரியில் ஒரு முதலை இருந்தது. அடித்துக் கொல்லவேண்டும் என்று ஊரில் பேச்சு. அது கரையேறும் இடங்களைக் கண்டுபிடித்துச் சொன்னால் சனம் விலகி நடக்கும், அதுவும் பிழைக்கும் என்று நினைத்தேன். வீட்டில் வேண்டாம் என்றார்கள். சொன்னால் கேட்கிற ஆளா நான்?

முதலையை இரவில் கண் மினுக்கம் பார்த்துத்தான் தேடுவார்கள். அப்போதோ போர்க்காலத் தடை; யாழ்ப்பாணத்துக்குள் ஒரு பற்றறிகூட வர விடமாட்டார்கள். ரோர்ச் லைற்றுக்கு எங்கே போவது? அதனால் காலையில் சேற்றில் தடம் பார்ப்பேன். துணைக்கு என் சிநேகிதி. முதலை தண்ணீருக்குள் இறங்கிய இடத்தில் தினமும் ஒரு பூவரசங் கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டுவேன். முடிந்ததும் கரையோரக் கல்லில் நின்று கால் கழுவிவிட்டுச் சைக்கிள் ஏறுவோம். என்றும் அதே கல்தான்.

ஒரு நாள் காலை, காற்றே இல்லை. கொக்கு ஒன்றையும் காணோம். முந்தின நாள் நாங்கள் நடந்த செருப்படிகளின் மேலேயே வாலை இழுத்துக்கொண்டு போயிருந்தது அது. இருந்தாலும் வழக்கம்போலக் கம்பை நட்டுவிட்டு நிமிர்ந்தேன். சிநேகிதி கல்லை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

குனிந்தே திரிந்ததில், கம்புகளை அன்றுதான் ஒருசேரப் பார்த்தேன். தூரத்துத் தாழம்பற்றையில் தொடங்கி, நாளுக்கு ஒன்றாகக் கிட்டக் கிட்ட வந்திருந்தன. கடைசிக் கம்பு என் கையடியில். அதற்கு அடுத்தது அந்தக் கல்.

"எடியே, நில்லு! தண்ணிக்குப் போகாதை!"

"ஏன்டி கத்திறாய்? கால் கழுவிப்போட்டு வாறன்."

"ஓடி வாடி எண்டிறன்!"

என் குரலில் என்ன இருந்ததோ, பின்வாங்கினாள். கல்லுக்குப் பக்கத்தில் மரத்துண்டுபோல மிதந்த ஒன்று சத்தமில்லாமல் தண்ணீருக்குள் தாழ்ந்தது. பாயவில்லை, அவசரப்படவில்லை. நாளைக்கும் நாங்கள் வருவோம் என்று அதற்குத் தெரிந்திருந்ததுபோல.

மேட்டில் ஏறிய பிறகு, முதலை தாழ்ந்த இடத்தைக் காட்டி அழுதழுது சிரித்தாள். "உவரெல்லோ எங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்திருக்கிறார்!"

அன்றே ஊரில் சொல்லி, கல்லுக்குப் போகும் வழியை முள் வைத்து அடைத்தோம். அவள் இன்றைக்குப் பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். நானோ, ஓர் இடம் எனக்குப் பழகிவிட்டது என்று தோன்றும்போதெல்லாம், இப்போதும் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அங்கே காலை வைக்கிறேன்.