கலந்து வைத்த குப்பிகள்

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஊசி மருந்து தயாராகும் தொழிற்சாலையில் அவளுக்குக் கழுகக்கா என்று பெயர். பதினோரு வருடமாகக் கண்தான் அவள் வேலை. விளக்குப் பெட்டிக்கு முன் உட்கார்ந்து, கண்ணாடிக் குப்பியின் கழுத்தைப் பிடித்து, குமிழி எழாமல் ஒரு சுழற்று. வெள்ளைப் பலகைக்கு முன் ஐந்து எண்ண வேண்டும், கறுப்புக்கு முன் ஐந்து. துரும்பு தென்பட்டால் சிவப்புத் தட்டு. வீட்டிலும் கை சும்மா இருக்காது. டம்ளர் தண்ணீரைச் சுழற்றி வெளிச்சத்தில் பார்ப்பாள்.

"குடிக்கப் போறியா, விசாரிக்கப் போறியா?" என்பார் கணவர்.

இரண்டு வருடமாக அவளுக்கே நெஞ்சுவரை எரிகிறது. வேளைக்குச் சாப்பிடச் சொன்னார் டாக்டர். ஆனால் வேலை அறைக்குள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. வெளியே போய்வர, அங்கியும் முகமூடியும் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும். அந்தக் கட்டுப்பாடு இல்லாத பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லி மூன்று முறை கேட்டாள்.

"உங்க கண்ண நம்பித்தான் லைனே ஓடுது. போறேன்னா எப்படிக்கா?" என்று சிரித்தே அனுப்பினார் சூப்பர்வைசர்.

பேக்கிங் தோழிதான் வழி சொன்னாள். "ஊருக்கெல்லாம் மருந்து, உங்களுக்கு மட்டும் வயித்தெரிச்சலா? உங்க கண்ணச் சோதிக்கன்னு அழுக்குக் குப்பி கலந்து வைப்பாங்கல்ல, அதுல மூணை விட்டுடுங்க. கண்ணு போச்சுன்னு அவங்களே தூக்கி எங்ககிட்ட போட்டுடுவாங்க."

திங்கட்கிழமை அந்த முடிவோடுதான் உட்கார்ந்தாள். பதினொரு மணி வாக்கில், ஒரு குப்பிக்குள் மயிரிழை போல ஒரு நூல் சுழன்று இறங்கியது. கை நல்ல தட்டின் மேல் போய் நின்றது. மூன்றில் ஒன்று. விட்டுவிடலாம்.

ஆனால் இது அவர்கள் வைத்ததா, மருந்தோடு வந்ததா? அவர்கள் போடும் அடையாளம் ஊதா விளக்கில்தான் தெரியும். அவள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மருந்தோடு வந்தது என்றால், மாத்திரை விழுங்க முடியாமல் எங்கோ படுத்திருப்பவரின் நரம்புக்குள் போகும்.

ஐந்து எண்ணினாள். சிவப்புத் தட்டில் வைத்தாள். அதன்பின் கண்ணில் பட்ட எதையும் விடவில்லை.

சாயங்காலம் சூப்பர்வைசர் ஊதா விளக்கோடு வந்தார். "கலந்தது ஆறு, ஆறும் சிக்கிடுச்சு! கழுகுன்னா கழுகுதான்."

"அந்த நூல் இருந்ததே, சார்?"

"அது நாங்க வச்சதில்லக்கா." அவர் சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு பதிவேட்டைத் திறந்து, அவள் பெயருக்கு நேராக 'தகுதி: இன்னும் ஓராண்டு' என்று எழுதினார்.

தொண்டைக்கு ஏறிய புளிப்பை விழுங்கிக்கொண்டாள். "அப்ப அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தையாவது வாங்கிப் போடுங்க சார்," என்றாள்.