இறால் கம்பெனியில் தாய்ப்பால்

இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிறவளுக்குக் கண்ணும் மூக்கும் இருந்தால் போதும் என்பார்கள். பால் கட்டி வலிக்கிற மார்போடு எட்டு மணி நேரம் நின்றவர்களுக்குத்தான் மீதி தெரியும். எனக்குக் காண்ட்ராக்ட் வேலை. பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதுமே கூப்பிட்டுவிட்டார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுப்பதில்லை என்று நான் வீம்பாக இருந்தேன். உங்களில் எத்தனை பேர் அப்படி இருந்து பார்த்தீர்களோ!

உடை மாற்றும் அறை

பால் பீய்ச்ச அங்கே தனி இடம் கிடையாது. பெண்கள் கோட்டும் கம்பூட்ஸும் மாட்டுகிற அறைக்குத் தாழ்ப்பாளும் கிடையாது. இறால் உரிக்கிற பகுதியின் சூப்பர்வைசர் ஜெசிந்தா அக்காதான் தினமும் வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் மேனேஜரே என்னைத் தேடி வந்துவிட்டார். அக்கா நகரவில்லை. "உள்ள பிள்ளைக்குப் பால் எடுக்கா. பத்து நிமிஷம் பொறுங்க சார், இறால் ஒண்ணும் நீந்திப் போயிராது!"

சிவப்பு அட்டை

தேதியும் நேரமும் எழுதாத எதுவும் எங்கள் கம்பெனியில் குளிரில் இருக்கக் கூடாது. அதைச் சொல்லி எல்லோரையும் விரட்டுகிறவள் நான்தான். பாலை ஸ்டீல் டப்பாவில் அடைத்து ஆபீஸ் பிரிட்ஜில் வைப்பேன். ஒருநாள் அவசரத்தில் சீட்டு ஒட்ட மறந்துவிட்டேன். மாலையில் பார்த்தால், டப்பாவின் மேல் 'நிறுத்திவை' என்று சிவப்பு அட்டை! லேப் பொறுப்பாளர் சுந்தரம் சாரிடம் போய், வெட்கத்தை விட்டு, அது என்ன பால் என்று சொன்னேன். மனிதர் அசடு வழிந்துகொண்டே அட்டையைக் கிழித்துவிட்டு, தானே தேதி எழுதி ஒட்டினார். "சீட்டு இல்லாட்டி தூக்கி எறியச் சொல்லி நீதானம்மா எங்களை ஏசுவ? நல்லவேளை, நான் எறியலை."

கேட் வரை வந்தவர்

மாமியார் காலமாகிவிட்டார். மில்லர்புரத்து வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மாமனார். உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தவர். நான் வைத்துவிட்டுப் போகிற பாலைப் பாலாடையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார். ஆறு மாதத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தபோது கம்பெனியில் தணிக்கை வந்தது. நேரத்துக்குக் கிளம்ப முடியவில்லை. வீட்டில் பால் தீர்ந்துவிட்டது. போனில் பிள்ளை வீரிடுவது கேட்டது. "ஒரு பாலாடை கருப்பட்டித் தண்ணி குடுக்கட்டாம்மா?" என்றார் மாமா. "வேண்டாம் மாமா" என்று சொல்லும்போதே எனக்கும் அழுகை வந்துவிட்டது. பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறேனே!

அரை மணி நேரத்தில் கேட்டிலிருந்து ஆள் வந்தது. ஆட்டோவில் பிள்ளையோடு மாமா! தலையில் வலையும் காலில் கம்பூட்ஸுமாக ஓடினேன். வாட்ச்மேன் தன் அறையைக் காலி செய்து கொடுத்தார். பிள்ளை குடித்து அடங்கியதும் வெளியே வந்தேன். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாப்பது வருஷம் ஊருக்கெல்லாம் கருப்பட்டி வித்தேன். என் பேரனுக்கு ஒரு சொட்டு குடுக்க விடமாட்டேங்கியே! சரி, நீ சொன்னா சரிதாம்மா."

தணிக்கைக்கு வந்தவர்கள் கம்பெனிமேல் மூன்று குறை எழுதிவிட்டுப் போனார்கள். பத்து நாள் கழித்து ஆறு மாதம் முடித்த என் மகன் என்மேல் ஒன்றும் எழுதவில்லை.